எல்லாக் காலத்துக்கும் பெரிய கணித மேதை யார்? பெயர் மட்டும் போதாது, வேலையைக் காட்டுங்கள்

#1 எண்விரும்பி

இந்தக் கேள்வியைப் போட்டாலே பத்துப் பெயர் கொண்ட பட்டியல்கள்தான் வந்து விழும். ஆர்க்கிமிடீஸ், நியூட்டன், காஸ், ஆய்லர், பிறகு ஒரு ராமானுஜன், ஒரு ரீமான். படித்து முடித்தால் ஒன்றும் மண்டையில் ஏறியிருக்காது. அதனால் இந்த இழைக்கு ஒரே நிபந்தனை: யாரைச் சொல்கிறீர்களோ, அவர் செய்த ஒரு வேலையையாவது பிரித்துப் போட்டுக் காட்டுங்கள். 'மாமேதை', 'ஈடு இணையற்றவர்' எல்லாம் வேண்டாம்.

நான் காஸ் பக்கம். 1796 மார்ச் 30, அவருக்கு வயது 18. அளவு குறிக்காத வரைகோல், கவராயம் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். முக்கோணம், ஐங்கோணம், 15 பக்கப் பலகோணம் எல்லாம் கிரேக்கர்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு சுமார் 2000 ஆண்டுகள் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை.

செய்தது இதுதான். வட்டத்தை 17 சம பாகமாக்கும் புள்ளிகளை ஒரு சமன்பாட்டின் மூலங்களாகப் பார்த்தார். ஒரு புள்ளியை விட்டால் மீதி 16. அந்த 16-ஐ எட்டு எட்டாகப் பிரித்தால், ஒவ்வொரு கட்டின் கூட்டுத்தொகையும் ஓர் இருபடிச் சமன்பாட்டில் அகப்பட்டுவிடும். பிறகு நாலு நாலாக, பிறகு இரண்டிரண்டாக, கடைசியில் தனித்தனியாக. நான்கு முறை பாதியாக்குகிறோம், நான்கு முறையும் வர்க்கமூலத்துக்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை. வர்க்கமூலத்தைக் கவராயத்தாலேயே வரைந்துவிடலாம்.

எந்த எட்டை எதோடு சேர்ப்பது என்பதில்தான் சூட்சுமம். 3-இன் அடுக்குகளை 17-ஆல் வகுத்து மீதிகளை எழுதிக்கொண்டே போனால் 1, 3, 9, 10, 13, 5... என்று 1 முதல் 16 வரை எல்லா எண்ணும் ஒரே ஒருமுறை வரும். அதில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பொறுக்கினால் அந்த எட்டு. வடிவியல் கணக்குக்குள் வகுத்தல் மீதியைக் கொண்டுவந்து உட்கார வைத்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

#2 ஆய்லர்தாசன்

பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும் நான் யார் பக்கம் என்று.

2-இன் 2-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் 5. நான்காம் அடுக்கோடு 1 கூட்டினால் 17. எட்டாம் அடுக்குக்கு 257, பதினாறாம் அடுக்குக்கு 65537. எல்லாமே பகா எண்கள். இப்படியே அடுக்கை இரட்டித்துக்கொண்டு போனால் எப்போதும் பகா எண்தான் வரும் என்று ஃபெர்மா உறுதியாக நம்பினார். அடுத்தது 32-ஆம் அடுக்கு: 4,294,967,297. இது பகா எண்ணா என்று பார்க்க வேண்டுமானால் 65536 வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும், ஆறாயிரத்துக்கு மேல் வரும். கையால் யார் செய்வது?

ஆய்லர் 1732-இல் இது பகா எண் இல்லை என்று காட்டினார். பின்னால் அதற்கான காரணத்தையும் எழுதினார்: இந்த எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருக்குமானால் அது 64-இன் மடங்கோடு 1 கூட்டிய எண்ணாகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்ட எண்கள் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641... இதில் பகா எண்களை மட்டும் எடுத்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் மீதியில்லாமல் போய்விடும்! 641 × 6,700,417.

ஆறாயிரம் வகுத்தலை ஐந்தாகக் குறைத்தார். ஆய்லர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். வர்க்கங்களின் தலைகீழ்த் தொடர் பை வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு என்பது, கோனிக்ஸ்பெர்க் பாலங்கள், பன்முகிகளின் முனை, விளிம்பு, முகக் கணக்கு எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. கடைசிப் பதினேழு ஆண்டுகள் ஏறக்குறையப் பார்வை இல்லாமல் இருந்தவர், அந்தக் காலத்தில் எழுதியதும் கொஞ்சநஞ்சமில்லை. 1911-இல் தொடங்கிய அவரது முழுத் தொகுப்பு 80 தொகுதிகளைத் தாண்டியது.

#3 சும்மாபடிப்பவன்

காகிதத்தில் 641-ஆல் வகுத்துப் பார்த்தேன். மீதி சுழியம்தான். நல்லா இருக்கு.

#4 கோணமானி

எண்விரும்பி, உங்கள் காஸின் கணக்கில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. மேசை இழுப்பறையில்தான் குறை.

1832-இல் அவரது பழைய கல்லூரி நண்பர் ஃபார்கஷ் போயாய், தன் மகன் யானோஷ் எழுதியதை அனுப்பிவைத்தார். இணைகோடுகள் பற்றிய யூக்ளிடின் எடுகோளைக் கழற்றி வைத்துவிட்டு முழுக்க இன்னொரு வடிவியலைக் கட்டியிருந்தான் அந்த இளைஞன். காஸ் பதில் எழுதினார்: இதைப் பாராட்ட எனக்கு முடியாது, பாராட்டினால் என்னையே பாராட்டிக்கொண்டது போல ஆகும், ஏனென்றால் 30, 35 ஆண்டுகளாக நானே யோசித்து வைத்திருப்பது இதுதான். சில வாரங்களுக்கு முன்பு கெர்லிங் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் இந்த இளைஞனை முதல்தர மேதை என்கிறார்! அந்த ஒரு வரியை அவனுக்கே எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? யானோஷ் அதற்குப் பிறகு கணிதத்தில் கிட்டத்தட்ட எதையும் வெளியிடவில்லை.

நீள்வட்டச் சார்புகளும் இதே கதைதான். அபெலும் யாக்கோபியும் பாடுபட்டுக் கண்டது காஸின் குறிப்புகளில் முன்பே இருந்தது. எனக்குக் கேள்வி இதுதான்: தெரிந்துவைத்திருந்ததற்கு மதிப்பெண் உண்டா, கொடுத்ததற்கு மட்டுமா?

#5 எண்விரும்பி

நியாயமான கேள்வி, ஆனால் ஒரு பக்கம் மட்டும் பார்க்கிறீர்கள். அவரது முத்திரையில் இருந்த வாசகமே 'குறைவு, ஆனால் கனிந்தது' என்பது. அரைகுறையாக எதையும் வெளியே விடமாட்டேன் என்ற பிடிவாதம். 1801-இல் அவர் வெளியிட்ட எண்கணித நூலை எடுத்தால் இன்றுவரை எண் கோட்பாட்டின் அடித்தளம் அதுதான். ஓர் எண்ணை வகுத்த மீதியைக் கொண்டு எழுதும் சர்வசமக் குறியீடே அதில்தான் வந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆளாளுக்கு முடிவிலித் தொடர்களைப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஒருங்குமா ஒருங்காதா என்று பார்க்காமலே. உங்கள் ஆய்லரும் அதில் சேர்த்தி. யாராவது ஒருவர் வாயைக் கட்டிப்போட்டு 'முதலில் நிறுவு' என்று சொல்ல வேண்டியிருந்தது.

#6 ஆய்லர்தாசன்

சேர்த்திதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் எழுதியதைப் படித்தால் எந்த இடத்தில் ஊகித்தார், எந்த இடத்தில் சோதித்தார் என்று எல்லாமே திறந்து கிடக்கும். காஸோ கட்டி முடித்ததும் சாரத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். எப்படி ஏறினார் என்று நாம் அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

கோணமானி சொன்ன போயாய் கதைக்கு எதிர்க்கதை ஒன்று இருக்கிறது. 1755-இல் 19 வயதுப் பையன் ஒருவன் ஆய்லருக்குக் கடிதம் எழுதினான். மிகக் குறைந்த நேரத்தில் சறுக்கும் வளைகோடு எது என்பது போன்ற கணக்குகளுக்கு ஆய்லர் முன்பே ஒரு வழி கண்டிருந்தார், வரைபடங்களை வைத்து நீட்டி முழக்கும் வழி. பையன் அதை வெறும் இயற்கணிதமாக்கி நாலு வரியில் முடித்திருந்தான். ஆய்லர் பாராட்டி எழுதினார். அதோடு விடவில்லை, அதே பொருளில் தான் எழுதி வைத்திருந்ததை வெளியிடாமல் நிறுத்திவைத்தார், முழுப் பெருமையும் அந்தப் பையனுக்கே போய்ச் சேர வேண்டும் என்று. பையன் பெயர் லக்ராஞ்சு.

#7 பழையகணக்கு

இழுப்பறை, கடிதம் என்று வந்துவிட்டதால் ஆர்க்கிமிடீசை இழுக்காமல் இருக்க முடியவில்லை.

96 பக்கப் பலகோணங்களை வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் வரைந்து, பை 223/71-க்கும் 22/7-க்கும் இடையில் என்று பிடித்தவர். பரவளையத் துண்டின் பரப்பு அதற்குள் பொருத்தும் முக்கோணத்தின் பரப்பில் 4/3 பங்கு என்று நிறுவியவர். முதலில் ஒரு முக்கோணம், மீந்த இடைவெளியில் சின்ன முக்கோணங்கள், அவற்றின் மொத்தம் முதல் முக்கோணத்தில் கால் பங்கு. அடுத்த சுற்று கால் பங்கில் கால் பங்கு. 1 + 1/4 + 1/16 + ... = 4/3. நிறுவல்கள் கல்லில் வெட்டியது போல இருக்கும். அதனாலேயே பின்னால் வந்த கணிதர்கள் இந்த ஆள் விடைகளை எங்கிருந்து பிடித்தார், வேண்டுமென்றே மறைக்கிறாரா என்று சந்தேகப்பட்டார்கள்.

மறைக்கவில்லை. எரடோஸ்தனிசுக்கு எழுதிய கடிதநூல் ஒன்றில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்: உருவத்தைக் கற்பனையில் மெல்லிய சீவல்களாக நறுக்கி, நெம்புகோலின் ஒரு முனையில் தொங்கவிட்டு, தெரிந்த இன்னோர் உருவத்தின் சீவல்களோடு எடை போட்டுப் பார்த்திருக்கிறார். கோளத்தின் கன அளவு அதைச் சுற்றிய உருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்பது அப்படித்தான் தெரிந்தது. இது நிறுவல் ஆகாது, ஆனால் இந்த வழியைச் சொல்லி வைத்தால் இப்போது இருப்பவர்களோ இனி வருபவர்களோ எனக்குத் தோன்றாத தேற்றங்களைக் கூடக் கண்டுபிடிப்பார்கள் என்று அவரே எழுதுகிறார்.

அந்த நூலுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டில் எடுத்த பிரதி ஒன்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் சுரண்டப்பட்டு, அதே தோலில் வழிபாட்டு நூல் எழுதப்பட்டுவிட்டது. 1906-இல் ஹைபெர்க் கான்ஸ்டாண்டிநோபிளில் அதைப் பார்த்து அடியில் மங்கலாகத் தெரிந்த எழுத்தைப் படித்தார். மறுபடியும் காணாமல் போய், 1998-இல் நியூயார்க் ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கு விற்றது. அதன் பிறகு எக்ஸ் கதிரெல்லாம் பாய்ச்சி மீதியையும் படித்தார்கள். நியூட்டனும் லைப்னிட்சும் நுண்கணிதம் கண்ட காலத்தில் இது கையில் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. கொடுத்தும் போய்ச் சேராதவருக்கு என்ன மதிப்பெண், கோணமானி?

#8 கோணமானி

முழு மதிப்பெண். அஞ்சல்காரர் மேல் குற்றம், எழுதியவர் மேல் இல்லை.

நியூட்டனைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்க்கிறேன். இழுப்பறைக் கட்சியின் தலைவரே அவர்தான். நுண்கணிதம் பற்றி 1669-இல் எழுதியதை 1711-இல் அச்சிட்டார். நடுவில் லைப்னிட்சு 1684-இல் வெளியிட்டுவிட்டார், அதனால் வந்த சண்டை தெரிந்ததே. யார் முதலில் என்று விசாரித்த ராயல் சொசைட்டி அறிக்கையைத் திரைமறைவில் எழுதியதும் நியூட்டனே. நாம் இன்று எழுதும் குறியீடு லைப்னிட்சுடையது.

#9 முப்பாட்டன்_கணக்கு

எல்லாரும் வெள்ளைக்காரன் பெயரையே சொல்லிட்டிருக்கீங்க. பை, நுண்கணிதம், எல்லாம் நம்ம முன்னோர்கள் வேத காலத்திலேயே கண்டுபிடிச்சு வெச்சுட்டாங்க. அவங்க காப்பியடிச்சாங்க, அவ்வளவுதான்.

#10 பழையகணக்கு

முப்பாட்டன், இழையின் நிபந்தனையைப் படித்தீர்களா? வேலையைக் காட்ட வேண்டும். பொத்தாம்பொதுவாக 'எல்லாம் நம்மிடம் இருந்தது' என்று சொன்னால் உண்மையில் செய்தவர்களின் பெயர் அடிபட்டுப்போகிறது. உங்களுக்காக நானே காட்டுகிறேன்.

சங்கமகிராமத்து மாதவர், சுமார் 1340 முதல் 1425 வரை, கேரளம். பையில் கால் பங்கு = 1 − 1/3 + 1/5 − 1/7 + ... என்ற தொடர் அவருடையது. லைப்னிட்சு இதைக் கண்டது 1670-களில். தொடர் அழகானதுதான், கணக்குப் போட உதவாது. பத்து உறுப்புகளைக் கூட்டி நாலால் பெருக்கினால் 3.04184 வரும். முதல் தசம இடமே தப்பு. ஆயிரம் உறுப்பு போட்டாலும் மூன்றாவது இடம் ஆட்டம் காணும்.

மாதவரின் பெருமை அடுத்த படியில் இருக்கிறது. எங்கே நிறுத்துகிறோமோ அங்கே ஒரு திருத்தத்தைச் சேர்க்கச் சொல்கிறார்கள் அந்த மரபினர். உறுப்புகளின் எண்ணிக்கையை நாலால் பெருக்கித் தலைகீழாக்குவது முதல் திருத்தம். அதைவிட நுணுக்கமானது: எண்ணிக்கையை, அதன் வர்க்கத்தை நாலால் பெருக்கி 1 கூட்டியதால் வகுப்பது. பத்து உறுப்புக்கு 10/401. அதை நாலால் பெருக்கிச் சேர்த்தால் 3.14159 வந்துவிடும். மூன்றாவது திருத்தம் ஒன்றும் உண்டு: 101/4050. அதைச் சேர்த்தால் அதே பத்து உறுப்பில் 3.1415927. விட்டுப்போன முடிவிலி வாலின் அளவை மதிப்பிடுகிறார்கள்! விட்டம் 900,000,000,000 என்றால் சுற்றளவு 2,827,433,388,233 என்று மாதவர் சொன்னதாக ஒரு செய்யுள் இருக்கிறது. வகுத்துப் பாருங்கள், பத்துத் தசம இடத்துக்கும் மேல் சரியாக வரும்.

ஐரோப்பியர்கள் காப்பியடித்தார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அதைச் சொல்லாமலே மாதவர் பெரியவர்தான்.

#11 முப்பாட்டன்_கணக்கு

இது தெரியாது. ஆனா கோணமானி கேள்விப்படி பார்த்தா மாதவருக்கும் மதிப்பெண் குறையுமே? அவர் தொடரை உலகத்துக்குக் கொடுக்கலையே.

#12 பழையகணக்கு

நல்ல கேள்வி. உலகத்துக்கு என்றால் எந்த உலகம்? மாதவரின் வழி பரமேஸ்வரர், தாமோதரர், நீலகண்டர், ஜேஷ்டதேவர் என்று ஆசிரியர் மாணவர் தொடர்ச்சியாகச் சுமார் 200 ஆண்டுகள் ஓடியது. ஜேஷ்டதேவர் 1530 வாக்கில் 'யுக்திபாஷா' எழுதினார், சமஸ்கிருதச் செய்யுளாக இல்லாமல் மலையாள உரைநடையில், விடைகளோடு நிற்காமல் காரணங்களையும் விளக்கி. இழுப்பறையில் பூட்டுகிற ஆள் செய்கிற வேலையா இது? வெளியுலகம் கேட்டது 1830-களில், சார்லஸ் விஷ் எழுதிய கட்டுரை வழியாக. கேட்டும் வெகுநாள் கண்டுகொள்ளவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வர்க்க எண்ணை 61-ஆல் பெருக்கி 1 கூட்டினால் இன்னொரு வர்க்கம் வர வேண்டும், மிகச் சிறிய விடை என்ன? பாஸ்கரர் 1150-இல் சக்ரவாளம் என்ற சுழற்சி முறையில் போட்டது: 226,153,980-இன் வர்க்கத்தை எடுத்தால் 1,766,319,049-இன் வர்க்கம் வரும். ஃபெர்மா அதே 61-ஐ 1657-இல் சவாலாக எடுத்துப் போட்டார். பாஸ்கரரைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 60-க்கு விடை 4, 31 என்று சின்னதாக வந்துவிடும். 61-இல்தான் சிக்கல் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்திருக்கிறது.

#13 மட்டுறுத்துநர்

காப்பியடித்தார்கள், அடிக்கவில்லை என்று இதற்கு நடுவில் வந்த ஆறு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கணக்கோடு வருபவர்கள் தொடரலாம்.

#14 வளையமும்குலமும்

இதுவரை வந்தவர்கள் எல்லாரும் ஒரு கணக்கைப் போட்டு விடை கண்டவர்கள். எம்மி நோதர் வேறு வகை. கணக்கைப் பார்க்கிற கண்ணையே மாற்றிவிட்டுப் போனவர்.

இயற்பியல்காரர்கள் 1918-ஆம் ஆண்டுத் தேற்றத்தைச் சொல்வார்கள்: இயற்கை விதி இன்றும் நாளையும் ஒன்றே என்றால் ஆற்றல் மாறாது, இங்கும் அங்கும் ஒன்றே என்றால் உந்தம் மாறாது, எந்தத் திசையில் திரும்பினாலும் ஒன்றே என்றால் கோண உந்தம் மாறாது. பொதுச் சார்பியலில் ஆற்றல் கணக்கு உதைத்தபோது ஹில்பர்ட்டும் கிளைனும் அவரிடம்தான் போனார்கள்.

என் துறையில் அதைவிடப் பெரிதாக நினைப்பது 1921-ஆம் ஆண்டுக் கட்டுரை. 60-இன் மடங்குகள் எல்லாவற்றையும் ஒரு கூட்டமாக எடுங்கள். அது 30-இன் மடங்குகளுக்குள் அடங்கும். அது 15-இன் மடங்குகளுக்குள், அது 5-இன் மடங்குகளுக்குள், அது எல்லா முழு எண்களுக்குள். அதற்கு மேல் போக இடமில்லை. எந்த எண்ணில் தொடங்கினாலும் இந்த ஏணி எங்காவது நின்றே தீரும். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். நோதர் கேட்டது: எண்களை மறந்துவிடுவோம், 'ஏறும் ஏணி நின்றே தீரும்' என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் எவ்வளவு நிறுவ முடியும்? எண்களைக் காரணிப்படுத்துவதுபோல் பல்லுறுப்புக்கோவை வளையங்களிலும் (கூட்டவும் பெருக்கவும் முடிகிற தொகுதிகளிலும்) செய்கிற பிரிப்பு முழுதும் அந்த ஒரு நிபந்தனையிலிருந்தே வந்துவிடுகிறது. பக்கம் பக்கமாகச் சமன்பாடு போட்டு நிறுவியது சில வரிகளில் முடிந்தது.

இவரை ஜெர்மனியின் கூட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக்க மறுத்தார்கள், பெண் என்பதால். ஹில்பர்ட் பெயரில் வகுப்பை அறிவித்துவிட்டு இவர் போய் நடத்துவார், சம்பளமில்லாமல். 1933-இல் யூதர் என்று அங்கிருந்தும் விரட்டினார்கள். அமெரிக்கா போய் இரண்டே ஆண்டில், 1935-இல் இறந்துபோனார்.

கோணமானியின் கேள்விக்கு இவரைவிடச் சரியான ஆள் கிடையாது. நோதரும் எமில் ஆர்ட்டினும் வகுப்பில் சொன்னதை வைத்து வான் டெர் வார்டன் 1930-இல் பாடநூல் எழுதினார். அதன் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. தான் கண்டதைக் கூட 'இதெல்லாம் டெடகிண்டிடம் முன்பே இருக்கிறது' என்று சொல்லிவிடுகிற ஆள் அவர்.

#15 நிரலாளர்

அக்கா, ஏணி உதாரணம் அருமை. நிரல் எழுதுபவனாக என் வாக்கு டூரிங்குக்கு, 1936. எந்தக் கணித வாக்கியத்தைக் கொடுத்தாலும் நிறுவ முடியுமா முடியாதா என்று சொல்லும் பொதுவான செய்முறை கிடையாது என்று காட்ட ஒரு கற்பனை இயந்திரத்தை வரைந்தார். ஒரு வேலை முடியாது என்று நிறுவுவதற்குப் பிறந்த இயந்திரம்தான் இன்று எல்லா வேலையையும் செய்கிறது.

#16 சும்மாபடிப்பவன்

கால்வா? சாவதற்கு முந்தின இரவு முழுக் கோட்பாட்டையும் எழுதினார் என்று படித்திருக்கிறேன்.

#17 வளையமும்குலமும்

தம்பி, அந்தக் கதை கொஞ்சம் ஊதியது. முக்கியக் கட்டுரையை அவர் முன்பே பாரிஸ் அகாதமிக்கு அனுப்பி, புரியவில்லை என்று திரும்பி வந்திருந்தது. 1832 மே மாதம் அந்த இரவில் எழுதியது நண்பர் செவாலியேவுக்கு ஒரு கடிதம், கூடவே பழைய கட்டுரையில் சில திருத்தங்கள். மறுநாள் துப்பாக்கிச் சண்டை, அதற்கடுத்த நாள் இறந்தார். வயது 20. லியூவில் அவற்றை அச்சிட்டது 1846-இல். ஐந்தாம்படிச் சமன்பாட்டுக்குப் பொதுச் சூத்திரம் இல்லை என்பதை அபெல் 1824-லேயே காட்டிவிட்டார். எந்தச் சமன்பாட்டுக்கு உண்டு, எதற்கு இல்லை என்று மூலங்களின் இடமாற்றங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றது கால்வா.

#18 கோணமானி

ரீமான் பெயரையும் பதிந்துவிடுகிறேன். 1859-இல் பகா எண்கள் பற்றி ஒரே ஒரு கட்டுரை, எட்டுப் பக்கம். அதில் போகிற போக்கில் சொன்ன ஓர் ஊகம் இன்னும் யாராலும் நிறுவப்படவில்லை. உள்ளுணர்வில் சொன்னார் என்றுதான் வெகுநாள் நினைத்தார்கள். 1932-இல் சீகல் அவரது பழைய தாள்களைத் துழாவிப் பார்த்தால், அந்த ஊகம் பேசுகிற சீட்டா சார்பு சுழியமாகும் இடங்களைக் கையாலேயே கணக்கிட்டு வைத்திருக்கிறார், அதற்கு யாரும் அறியாத சூத்திரம் வேறு. மறுபடியும் இழுப்பறை! ஆனால் 39 வயதில் இறந்தவரிடம் போய் ஏன் வெளியிடவில்லை என்று கேட்க மனம் வரவில்லை.

#19 முப்பாட்டன்_கணக்கு

ராமானுஜன் இன்னும் வரலையே? ஹார்டி தனக்கு 25, லிட்டில்வுட்டுக்கு 30, ஹில்பர்ட்டுக்கு 80, ராமானுஜனுக்கு 100 மதிப்பெண் கொடுத்தாரே. அதோட இழையை மூடிடலாம்.

#20 எண்விரும்பி

அந்த மதிப்பெண் இயல்பான திறமைக்கு மட்டும் என்று ஹார்டியே சொன்னது. மொத்தச் சாதனைக்கு அல்ல. அதோடு, ஹார்டிக்கு எழுதிய 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதத்தில் பகா எண்களின் எண்ணிக்கை பற்றி ராமானுஜன் சொன்னது தவறு. கலப்பெண் சார்புகள் அவருக்கு அப்போது தெரியாது, அதனால் அந்தப் பகுதி முழுக்கச் சறுக்கியது என்று ஹார்டி எழுதியிருக்கிறார். குறைத்துச் சொல்லவில்லை. தெய்வ அருள் கதையை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தால்தான் அவர் இன்னும் பெரியவராகத் தெரிகிறார்.

#21 ஆய்லர்தாசன்

அந்த வேலையை நான் போடுகிறேன், ஆய்லருக்கு நேர் வாரிசு அவர்தான் என்பது என் கட்சி.

ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்? 4-ஐ எடுத்தால் 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். எண் பெரிதாகப் பெரிதாக எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் போகும், 200-க்கு 3,972,999,029,388. மெக்மஹோன் 200 வரை கையாலேயே கணக்கிட்டு அட்டவணை போட்டிருந்தார். ஹார்டியும் ராமானுஜனும் 1918-இல் ஒரு சூத்திரம் கண்டார்கள். பை, வர்க்கமூலம், அடுக்குக்குறிச் சார்பு எல்லாம் கலந்த சூத்திரம். அதில் எட்டு உறுப்பைக் கூட்டினால் 3,972,999,029,388.004. முழு எண்களை எண்ணுகிற வேலைக்குள் பை எங்கிருந்து வந்தது, வந்தும் எப்படி இவ்வளவு துல்லியம்? அதைச் சற்று மாற்றினால் முடிவில்லாமல் நீளும் சரியான சமன்பாடாகவே ஆகும் என்று ராடமாக்கர் 1937-இல் காட்டினார்.

அந்த அட்டவணையை எல்லாரும் பார்த்தார்கள். ராமானுஜன் பார்த்தபோது தெரிந்தது: 4, 9, 14, 19, 24 என்று ஐந்தைந்தாகப் போனால் விதங்கள் 5, 30, 135, 490, 1575. எல்லாம் ஐந்தின் மடங்கு. 5, 12, 19 என்று ஏழேழாகப் போனால் 7, 77, 490, ஏழின் மடங்கு. 6, 17 என்று பதினொன்றாகப் போனால் 11, 297. இதுவும் பொருந்துகிறது. கண்டதோடு நில்லாமல் ஐந்துக்கும் ஏழுக்கும் 1919-இல் நிறுவலும் வெளியிட்டார்.

கடைசி ஆண்டில், நோய்ப்படுக்கையில், ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் போலித் தீட்டா சார்புகள் என்று தான் பெயரிட்ட ஒரு புதுவகைச் சார்புகளுக்கு 17 உதாரணம் கொடுத்தார். அவை என்ன வகை என்பது முழுதாகப் புரிய 2002-இல் ஸ்வெகெர்ஸ் வரவேண்டியிருந்தது. 1976-இல் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்ட 'தொலைந்த குறிப்பேடு' தனிக்கதை. கோணமானியின் அளவுகோலில் வைத்தாலும் இவர் பக்கம் குறை கிடையாது. கண்டதையெல்லாம் எழுதி நீட்டிக்கொண்டே இருந்தார், நாம்தான் மெதுவாக வாங்குகிறோம்.

#22 சும்மாபடிப்பவன்

5, 7, 11 சரி. அடுத்த பகா எண் 13-க்கு? நானே கொஞ்சம் போட்டுப் பார்த்தேன், அப்படி எந்த வரிசையும் சிக்கவில்லை.

#23 வளையமும்குலமும்

சிக்காது. இந்த மூன்றைத் தவிர வேறு பகா எண்களுக்கு இவ்வளவு எளிமையான பண்பு இருப்பதாகத் தெரியவில்லை என்று ராமானுஜனே எழுதியிருக்கிறார். 'தெரியவில்லை' என்பதை 'இல்லவே இல்லை' என்று ஆல்கிரெனும் பாய்லனும் 2003-இல் நிறுவினார்கள்.

எளிமையானது கிடையாது, அவ்வளவே. 13-க்கு ஆட்கின் 1960-களில் ஒன்று கண்டார்: 237-இல் தொடங்கி 17,303 ஆகத் தாவிக்கொண்டே போங்கள், ஒவ்வோர் இடத்திலும் விதங்களின் எண்ணிக்கை 13-இன் மடங்கு. 5-க்கு மேற்பட்ட எல்லாப் பகா எண்ணுக்கும் இப்படி ஏதாவது ஒரு தாவல் உண்டு என்று கென் ஓனோ 2000-இல் காட்டினார்.

#24 சும்மாபடிப்பவன்

2-க்கும் 3-க்கும்?

#25 வளையமும்குலமும்

அங்கே ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. விதங்கள் இரட்டையாக வருவதும் ஒற்றையாக வருவதும் பாதிக்குப் பாதி என்று எல்லாரும் நம்புகிறார்கள், நிறுவியவர் யாருமில்லை.